சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த தாயத்து

அன்பு மகன் பழனிக்குமாருக்கு அம்மா எழுதுவது,

இந்நேரத்துக்கு எழுதுறேன்னு கோவிச்சுக்காத அப்பு, மன்னிச்சுக்க. தெருவே அடங்கிருச்சு, எனக்குத்தான் கண்ணு மூட மாட்டேங்குது. இங்க நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம், நீ அந்த ஊர்க் குளிர்ல காதைக் கட்டிக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன் போட்டா நீ எடுக்குறதில்ல, எடுத்தாலும் டூட்டிம்மான்னு வச்சிடுற. அதான் தாள்ல எழுதி, போட்டோ புடிச்சு அனுப்புறேன். இதைப் பாதியில வைக்காத, கடைசி வரைக்கும் படி.

அப்பா எரியோடு சந்தையில தக்காளி லோடு இறக்கிட்டு வந்து இப்பத்தான் படுத்தார். டீக்கடையில இன்னமும் உன்னைப் பத்தித்தான் பெருமை. எம்மகன் பெட்டி ஏத்துனாத்தான் பிளேனே கெளம்பும்னு சொல்லியிருக்கார், அதுக்கு மலைச்சாமி, அப்ப ஓட்டுறவரு முறுக்குத் தின்னுக்கிட்டா உக்காந்திருக்காருன்னு கேட்டு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. தீபாவுக்குப் பரீட்சை வருது, புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு போனைத்தான் பாக்குறா, கேட்டா அண்ணன் மட்டும் என்ன படிச்சுக் கிழிச்சுச்சுங்கிறா. வீட்டுல எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கு. நான் எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு.

சாயங்காலம் அமலன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். நம்ம தெருவுல வளந்த புள்ள, உன்கூடவே அங்க வேலைக்குச் சேந்தவன், அவன் எதையும் மனசுல வச்சுக்கிட்டு அனுப்பல. ஒரு தாயத்து, பச்சைக் கயிறு, அறுந்துபோய்க் கெடக்கு. போன வாரம் ஒரு நாள் விடியக்காலம் மூடுபனியில ஒரு லக்கேஜ் டிராக்டர், தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டைத் தாண்டி ரன்வே பக்கம் போயிருச்சாம், இறங்க வந்த பிளேனை டவர்ல இருந்து சத்தம் போட்டுத் திரும்ப மேல ஏத்தி விட்டாங்களாம், பிறகு தேடினப்ப கோட்டுக்கு அந்தப் பக்கம் இது கெடந்துச்சாம். பனியில கேமராவுல வண்டி நம்பர் தெரியல, அந்நேரம் அந்தப் பக்கம் ஓடினது உன் வண்டியும் பீர் முகமது வண்டியும்தானாம். தர்கா தாயத்துன்னா யாரோடதா இருக்கும்னு பீர் அண்ணனை வேலையில இருந்து நிறுத்தி வச்சிருக்காங்களாம். அவர் என்னோடது இல்லன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் பேசாம இருக்காராம். நம்மூரு தாயத்து மாதிரி இருக்கேம்மா, உங்களுக்கு எதுவும் தெரியுமான்னு அமலன் கேட்டிருக்கான். பாத்துட்டேன், அவனுக்கு இன்னும் பதில் போடல.

தெரியாம என்ன அப்பு. நீ ஊருக்குக் கெளம்புறதுக்கு மொத நாள் நானே தர்காவுக்குப் போயி ஓதி வாங்கிட்டு வந்தது. மூடி ஆடுதுன்னு தீபாவோட நெயில் பாலிஷ வச்சு ஒட்டினேன், அந்த ரோஸ் கலர் போட்டோவுல அப்படியே தெரியுது. பழனிக்குமார்னு பேரு வச்சிருக்கிற பயலுக்கு தர்கா தாயத்து இருக்கும்னு அங்க யாருக்குத் தோணும்? இங்க வியாழக்கிழமை தர்காவுல போயி நின்னா பாதிப் பேரு நெத்தியில திருநீறோடதான் நிப்பாங்க, அந்த ஊருக்காரங்களுக்கு அது எப்படித் தெரியும். உன் பேரு உன்னை மறைச்சிருச்சு, அவர் பேரு அவரை மாட்டி விட்டிருச்சு.

அன்னிக்கு நீ விடியுமுன்னே போன் போட்டது இப்பத்தான் எனக்குப் புரியுது. பனியில ஒண்ணுமே தெரியலம்மா, வழி மாறிட்டேன், இறங்கித் தரையைத் தடவிப் பாத்தேன்னு சொன்ன. பிறகு ஒண்ணுமில்ல, தூங்குன்னுட்ட. சிவப்புக் கோட்டுக்கிட்டத் திருப்பத்துல இருக்கிற விளக்கு ரொம்ப நாளா எரியலன்னும் முன்னாடி ஒரு தடவை சொல்லியிருக்க. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவ, அம்புட்டு எடை அந்த வேகத்துல தரையில இறங்கினா நம்ம டவுன் பஸ் மாதிரி நினைச்ச இடத்துல நிக்காதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிளேனுக்கு முன்னாடி நீ குனிஞ்சு தரையைத் தடவிக்கிட்டு நின்னதை நினைச்சிட்டு, எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சிட்டு வந்துதான் மேல எழுதுறேன். வழி மாறினதுக்கு உன்னை நான் திட்ட மாட்டேன், பனிக்கு யாரு என்ன செய்ய முடியும். ஆனா கையில வாக்கி டாக்கி இருந்துச்சே, நான் எங்க நிக்கிறேன்னு தெரியலன்னு அப்பவே ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே. பயந்துக்கிட்டுச் சத்தமில்லாம வண்டியத் திருப்பிட்டு வந்திட்ட. இப்பவும் அதையேதான் செய்யிற.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் என்னைத் தூங்க விடல. உள்ள போறப்ப தினமும் செக்கிங் மிஷின் கத்துதுன்னு தாயத்தை இடுப்புல இருந்து கழட்டி, காவலர்கிட்டக் காட்டிட்டு டிராக்டர் சீட்டுக்கு அடியில கட்டிட்டேன்னு நீ சொன்னப்ப, பீர் அண்ணன் பாத்துட்டுச் சிரிச்சார், ஏன்டா முருகா ஒனக்கு எதுக்குடா இதுன்னு கேட்டார், கட்டத் தெரியலன்னு அவரே இறுக்கிக் கட்டி விட்டார்னும் சொன்ன. அன்னிக்குப் பனியில நீ அவசரமா இறங்கினப்ப கால்ல மாட்டி அறுந்திருக்கும். அப்படின்னா அது யாரோடதுன்னு அவருக்குத் தெரியும் அப்பு. தெரிஞ்சும் உன் பேரைச் சொல்லல. உனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரசம் வச்சுக் குடுத்த மனுஷன், கைக்குழந்தையை ஊர்ல விட்டுட்டு வந்து கெடக்கிறவர். நீயா வந்து சொல்லுவன்னு காத்துக்கிட்டு இருக்காருன்னுதான் எனக்குப் படுது. நாளைக்கு மத்தியானம் அவரைக் கூப்பிட்டு விசாரிச்சு முடிவு சொல்லிடுவாங்களாம், அமலன் எழுதியிருக்கான்.

நீ சொன்னா உனக்கு வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம், நான் பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். போனா வா, அப்பாகூட வண்டியில ஏறிக்க, பேசுறவங்க செத்த நேரம் பேசுவாங்க. சொல்லாட்டி பீர் அண்ணனை அனுப்பிட்டு, தப்பு பண்ணினவன் போயிட்டான்னு எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க, அந்த விளக்கு எரியாமலே கெடக்கும், அடுத்த பனியில வேற ஒரு பய அதே எடத்துல வழி மாறுவான். அவனுக்கும் வீட்டுல ஒரு அம்மா இருப்பா. நீ போயி விளக்கு எரியலங்கிறதையும் சேத்துச் சொல்லு, எங்க திரும்பின, எங்க இறங்கின, எல்லாத்தையும் சொல்லு. தாயத்து எங்கம்மா குடுத்ததுன்னு சொல்லு, நம்பலேன்னா என்கிட்டப் பேசச் சொல்லு, நெயில் பாலிஷ் பாட்டிலோட வந்து நிக்கிறேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. காலையில அமலன் திரும்பக் கேட்டா நான் பொய் சொல்லப் போறதில்ல, ஆனா என் வாயில இருந்து போறதுக்கு முன்னாடி உன் வாயில இருந்து போகணும்னு ஆசப்படுறேன். மொதல்ல பீர் அண்ணன் ரூமுக்குப் போ, பிறகு ஆபீசுக்குப் போ. வெறும் வயித்தோட போகாத. ஸ்வெட்டர் போட்டுக்க. உனக்கு நல்லதே நடக்கும், என் ஆசீர்வாதம் எப்பவும் உன்கூட இருக்கு.

படிச்ச உடனே பதில் போடு அப்பு, ஒரு வரியா இருந்தாலும் போதும், நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.

உன் அம்மா
வே. கௌசல்யா
நாகல் நகர், திண்டுக்கல்