சிலுவையின் இலக்கம்

செப். 9, செவ்வாய்
கச்சான் காற்று. மேசையெல்லாம் புழுதி. புதுத் தட்டச்சுக் கடையில் இரண்டாவது கிழமை. வினாத்தாள் மூன்று, காணிக் கடிதம் ஒன்று. பாகைக் குறி கேட்ட, விஞ்ஞானம் படிப்பிக்கிற சேருக்கு, ஆல்ட்டை அமத்திக்கொண்டு 0176. ° வந்தது. "மந்திரம் மாதிரி இருக்கு, தங்கச்சி."

மு. (பழைய முதலாளி, பெயர் எழுத மாட்டேன்) கடையில் ஏழு வருடம் இதே மந்திரம். போன மாதம் ஒரு செத்தவீட்டு நினைவு அட்டை. சிலுவை வர வேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டி, □. நான் சரியாகத்தான் அடித்தேன். மு.தான் அதைப் பழைய கொம்பியூட்டரில் திறந்து, பிடிஎஃப் ஆக்கி, வவுனியா அச்சகத்துக்கு அனுப்பினார். தன்னிடம் இல்லாத குறிக்கெல்லாம் அது பெட்டிதான் காட்டும். செத்தவீட்டுக்காரர் சண்டைக்கு வர, மு. என்னைக் கைகாட்டினார். "அது சைவப் பிள்ளை. சிலுவையிலை அக்கறையில்லை." அன்றோடு வேலையும் போனது.

செத்தவ என் மகளின் ரீச்சருடைய அம்மா.

செப். 10, புதன்
வாங்க: தேங்காய், சவர்க்காரம், மகளுக்குச் சப்பாத்து.
பள்ளிக்கூட வாசலில் ரீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டா. மகள் இப்போது வகுப்பில் கை உயர்த்துவதில்லையாம்.
மு. நாசமாய்ப் போக.

செப். 11, வியாழன்
வினோ கோல் எடுத்தாள். என் இடத்துக்கு வந்த பிள்ளை.
"அக்கா, சிலுவை எப்பிடிப் போடுறது? என்ன செய்தும் வருகுதில்லை."
ஆருக்கு என்றேன். மு.வின் அப்பாவுக்கு. ஆண்டு நினைவு, முந்நூறு அட்டை, ஞாயிறு பூசைக்கு.

சிலுவை 271D. அடித்துவிட்டு ஆல்ட்டும் X-உம். நான் சொன்னது 2620. அது மண்டையோடும் இரண்டு எலும்பும்.
"பெட்டிதான் தெரியுது, அக்கா."
"உந்தக் கொம்பியூட்டரிலை அப்பிடித்தான். பிடிஎஃப் ஆக்காதை, வேர்ட் ஃபைலாவே அனுப்பு. அங்கை வரும்."
பொய்யில்லை. வரும்.

செத்த மனிதர் நல்லவர். என்னை 'மகள்' என்றுதான் கூப்பிடுவார். மன்னியுங்கோ ஐயா, இது உங்களுக்கில்லை.
இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

செப். 13, சனி
அச்சகத்துக்கு ஒரு கோல் எடுத்தால் நிறுத்தலாம். இலக்கம் போனில் இருக்கிறது. எடுக்கவில்லை. மகளின் சப்பாத்து ஒரு அளவு பெரிது, மாற்ற வேண்டும்.

செப். 14, ஞாயிறு
காற்று கொஞ்சம் அடங்கியது. பூசை முடிந்த கையோடு மீன்கார அண்ணர் ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். சிரிக்கிற மு.வின் அப்பா, இரண்டு பக்கமும் ☠.
"பார் பிள்ளை, அப்பாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை மிதிவெடி அபாயப் பலகையெல்லோ நட்டிருக்கு!"
வயிறு நோகச் சிரித்தேன். மு.வின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்ற ஒரு குறைதான்.

பின்னேரம் வினோ வந்தாள். கண் வீங்கியிருந்தது. மு. கோயில் முற்றத்தில் சனம் பார்க்க அவளை ஏசி, வேலையால் நிற்பாட்டிவிட்டார்.
"ஆர் சொல்லித் தந்ததெண்டு கேட்டவர். நான் சொல்லேல்லை அக்கா. நீங்கள் தெரியாமல்தானே மாறிச் சொன்னீங்கள்."
தேத்தண்ணி போட்டேன். சீனி கொட்டுப்பட்டது. மு.வுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்தப் பிள்ளைக்குத்தான் ஆனது. வெட்கமாக இருந்தது. ஆத்திரமும் இரண்டு மடங்காக.

செப். 15, திங்கள்
பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் ரீச்சரை மறித்தேன். "ரெண்டு நிமிசம் என்னோடை வாங்கோ." வர விருப்பமில்லை. வந்தா.

மு. கடை. போட்டோக்கொப்பி எடுக்க ஆறேழு பேர்.
"அண்ணை, மண்டையோடு வினோவின்ரை பிழையில்லை. நான்தான் வேணுமெண்டு பிழையான இலக்கம் குடுத்தனான்."
மு. வாயைத் திறக்க முன்னம் நானே சொன்னேன்.
"நான் செய்ததை நான் சொல்லிப்போட்டன். இந்தா ரீச்சர் நிக்கிறா. அவான்ரை அம்மாவின்ரை அட்டையிலை பெட்டி வந்தது ஆராலை எண்டு இப்ப நீங்கள் சொல்லுங்கோ."

மு. கீபோர்ட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.