நீங்கள் வரச் சொன்ன பிள்ளைகள்

இன்றும் பெயர் சொல்லி அழைக்க வாய் வராத என்னவருக்கு,

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகவில்லை, வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. பெட்டியும் படுக்கையுமாக மூன்று அமெரிக்கப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஏழை நாடுகள் எப்படி முன்னேறுகின்றன என்று நேரில் பார்த்துப் படிக்க அவர்களுடைய பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் உங்களிடம் அனுப்புமே, அந்தப் பிள்ளைகள்தான். வர வேண்டாம் என்று கல்லூரியிலிருந்து கொடுத்த தந்தி அவர்கள் கிளம்பிய பிறகு போய்ச் சேர்ந்ததாம்.

"புரொபசர் இருக்கிறாரா?" என்று கேட்டாள் சூசன் என்கிற பெண். மாலை போட்ட உங்கள் படத்தைக் காட்டினேன். வேறு என்ன சொல்வது?

மாடி அறையைத் திறந்துவிட்டேன். கல்லூரியில் உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. இவர்களை நெசவாளர் வீடுகளுக்கு யார் கூட்டிப்போவது, கேட்பதைத் தமிழில் யார் சொல்வது? என் பள்ளிக்கூட இங்கிலீஷ் போதும், நானே போகிறேன் என்றேன். உங்கள் அக்கா சும்மா விடுவார்களா?

"ஊரு என்னாம்மா பேசும்? அவன் போயி மாசங்கூட ஆவல. வெள்ளக்காரங்கள கூட்டிக்கினு சுத்தப் போறியா?"

"அவரு வரச் சொன்ன பிள்ளைங்க, அண்ணி. திருப்பி அனுப்ப மனசு வரல."

முதலில் ஐயம்பேட்டைக்குப் போனோம். நீங்கள் வருவதாகச் சொல்லிவைத்திருந்த வீட்டின் முன்னால் தறியில் ஏற்றப்போகும் புதுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் என்று கேட்டாள் சூசன். புருஷனை இழந்தவள் நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது என்று தெரிந்த மட்டும் சொன்னேன். அவள் என் பக்கத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

பூசை முடிந்ததும் அந்த வீட்டு மருமகள் சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"உள்ள வாம்மா. மாமா கெடக்கிறாரு. இந்தத் தறியில நானுந்தான் நெய்யறேன். நான் கூப்புடறேன், வா."

போனோம். பெரியவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். குழந்தை அழும்போதெல்லாம் தறிக்குழியிலிருந்து ஏறி இறங்கி இடுப்பு விட்டுப்போவதை அவள் சொன்னாள், நான் இங்கிலீஷில் சொன்னேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நீங்கள் இத்தனை வருஷம் போய்வந்த வீடு. உங்களிடம் அவள் இதைச் சொல்லியிருப்பாளா?

வீடு திரும்பியபோது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. நடந்த களைப்பு இல்லைங்க. ஒவ்வொரு வாசலிலும் நின்று, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு நுழைகிற களைப்பு. இது எப்போது தீரும்?

அண்ணி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கென்று காரம் குறைத்துத் தனியாகச் சாம்பார் வைக்கிறார்கள்.

நாளைக்கு ஓரிக்கைக் கிராமம். வயலில் புதுக் கிணறு வெட்டியவர்களின் வீட்டுப் பெண்களைப் பார்க்க வேண்டுமாம். எழுந்திருக்கவே தெம்பில்லை. ஆனாலும் இந்தப் பிள்ளைகள் ஊர் திரும்பும்வரை ஒரு நாளும் தனியே அனுப்ப மாட்டேன். யார் முகம் திருப்பினாலும் நானே கூடப் போவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
மரகதம்