குலுக்காத பாட்டில்

மீன்தொட்டி மேதைக்கு,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி.

நான் தரை துடைக்கிற லோஷன்தான் தொட்டியில இருக்கிற உங்க பவளத்தைப் பழுப்பாக்கிடுச்சுன்னு நேத்து உங்க அண்ணன் முன்னாடி அந்தக் கத்து கத்தினீங்களே. "தண்ணியில நைட்ரேட்டே இல்ல, நானே டெஸ்ட் பண்ணேன்"னு மார் வேற தட்டினீங்க.

அதே டெஸ்ட்டை இன்னைக்கு நானும் பண்ணேன். அந்த டெஸ்ட் கிட்ல ரெண்டாவது பாட்டில்ல மருந்து அடியில தங்கிடுமாம். கை வலிக்கக் குலுக்கிட்டுத்தான் விடணுமாம். பாட்டில் மேலயே போட்டிருக்கு. நீங்க குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுற மாதிரி பூப்போல விட்டா, நைட்ரேட்டே இல்லாத மாதிரி மஞ்சளாத்தான் நிக்கும். நான் குலுக்கினேன். ரத்தச் சிவப்பு! பவளத்தைப் பழுப்பாக்கினது அந்த நைட்ரேட்தான். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வேடிக்கை காட்ட பிடி பிடியா தீனி போட்டா, அது அழுகி நைட்ரேட் ஆகாம பன்னீராவா ஆகும்?

ரெண்டு டெஸ்ட் டியூப்பும் டேபிள் மேல இருக்கு. நீங்க கழுவாம விட்ட மஞ்சள் உங்களுது, சிவப்பு என்னுது. சாயங்காலம் உங்க அண்ணன் மறுபடி வர்றார். அவர்கிட்ட நான் எதுவும் சொல்லல. நேத்து கத்தின அதே குரல்ல நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அக்கா வீட்டுல இருப்பேன்.

பக்கெட்ல உப்புத் தண்ணி கலந்து வெச்சிருக்கேன். தொட்டித் தண்ணியில கால்வாசிய எடுத்துட்டு அதை ஊத்துங்க. உங்களுக்காக இல்ல. பவளம் என்ன பாவம் பண்ணுச்சு?

பி.கு.: ரோஷத்துல நீங்க சாப்பிடாம உக்காந்துக்கிட்டு மீனுக்கு ஊட்டாதீங்க. இன்னைக்குப் பட்டினி மீனுக்குத்தான், உங்களுக்கு இல்ல.