மருந்தா மாவா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லா இருப்பீங்கங்கற நம்பிக்கையிலதான் பேனாவை எடுத்திருக்கேன். இங்க எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் ஒரு நிலையில இல்லை. போன்ல பேசினா அம்மா பக்கத்துல நின்னு ஜாடை காட்டியே என் வாயை அடைச்சிடுறா, அதான் கடிதம்.

தம்பியோட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த கீமோ கேட்டிருக்கு, கெட்ட அணு இப்போதைக்குக் கண்ணுல படலைன்னு டாக்டரம்மா சொன்னதுவரைக்கும் உனக்குத் தெரியும். அதுக்கப்புறம் நடந்ததுதான் என்னைப் பாடாப் படுத்துது. நடுவுல காய்ச்சல் வந்தப்போ மாத்தி மாத்தி ஆன்டிபயாடிக் ஏத்தினாங்களே, அது கெட்ட கிருமியோட சேர்த்து குடல்ல இருக்கவேண்டிய நல்ல கிருமியையும் வழிச்சுத் துடைச்சிடுச்சாம். தண்ணி குடிச்சாக்கூட வயித்தால போச்சு, ஆளு சட்டைக்குள்ள தொலைஞ்சு போயிட்டான். வயிறு தேறாம அடுத்த சுற்று கீமோ தள்ளிக்கிட்டே போச்சு, இந்த இடைவெளியில நோய் திரும்பிடுமோன்னு எனக்குப் பயம். அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சி நடக்குதுன்னாங்க. நோய்நொடி இல்லாத ஒருத்தரோட மலத்துல இருந்து நல்ல கிருமியைப் பிரிச்சு, சோதிச்சு, உறையவச்சு, கேப்சூல்ல அடைச்சுக் கொடுப்பாங்களாம். கேட்டதும் அம்மா வாயைப் பொத்திக்கிட்டு வெளியே போயிட்டா. அவளை ஒருவழியா சமாதானப்படுத்தினா அடுத்த இடி, பாதிப் பேருக்குத்தான் நிஜக் கேப்சூலாம், மீதிப் பேருக்கு வெறும் மாவாம், யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம், டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். இது என்ன அநியாயம்னு நான் சண்டைக்கே போயிட்டேன், உன் தம்பி பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டான். கணக்கு வாத்தியாரைப் பெத்தா இதையெல்லாம் பார்க்கணும்.

கேப்சூல் டப்பா நம்ம ஃப்ரீசர்லதான் இருந்துச்சு. போன வாரம் கடைக்குப் போயிட்டுத் திரும்பினா, அம்மா சமையலறையில ஒண்ணை பிளேடால பிளந்து சாசர்ல கொட்டி மோந்து பார்த்துக்கிட்டு நிக்கிறா. பேரைச் சொன்னாலே குமட்டுதுன்னவ. நான் கத்தின கத்துல, நாறணும் நாறணும்னு வேண்டிக்கிட்டுத்தாங்க திறந்தேன், ஒரு வாசனையும் வரலையேன்னு ஓன்னு அழுதுட்டா. சத்தம் கேட்டு தம்பி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தான். சாசரைப் பார்த்ததும் சிரிச்சான் பாரு, அவன் சிரிச்சு எத்தனை காலம். அப்புறம் நாற்காலியில உட்கார்ந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "எல்லாருக்கும் நிஜத்தையே கொடுத்துட்டா, தேறினவன் அதாலதான் தேறினானான்னு எப்படிம்மா தெரியும்? யாராவது மாவைத் தின்னுதான் ஆகணும்"னான். அதுக்கு அம்மா, "அது ஏன் என் புள்ளையா இருக்கணும்?"னு கேட்டா. அவனே நர்ஸுக்குப் போன் போட்டு ஒண்ணு வீணாயிடுச்சுன்னு சொன்னான். நிஜக் கேப்சூலும் நாறாதபடிதான் செய்வாங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னப்புறம்தான் அம்மா சாப்பிட உட்கார்ந்தா.

இப்போ வயித்துப்போக்கு மெல்லக் கட்டுப்பட்டிருக்கு, வர்ற வாரம் கீமோவுக்குச் சேர்த்துக்குறாங்க. கேப்சூலாலயான்னு கேட்டா டாக்டரம்மா சிரிக்கிறாங்க, ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியுமாம். நல்லது நடந்தும் யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.

நல்ல கிருமி மாத்திரைன்னு கடையில விக்கிறதை வாங்கி அனுப்பாதே, எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புல அதுவே வம்பாகலாம்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையைத் திட்டாதே. நீங்க மூணு பேரும் நோயில்லாம நிறைஞ்சு வாழணும்னு அம்மாவும் நானும் வாழ்த்துறோம். ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே. நாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, சித்தப்பா, எல்லாரும் அவனைப் பார்த்தாலே இன்னைக்கு எத்தனை தடவை போனேன்னுதான் கேக்குறோம். முப்பது வயசு ஆம்பளை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு எண்ணிச் சொல்றான். நீ போன் பண்ணினா வேற எதையாவது கேளும்மா.

இப்படிக்கு,
உன் அப்பா