ட்ராசா வீட்டுக் கிரில்

சிட்னி, 11 பிப்ரவரி 2007

நைனாவுக்கு, தர்மலிங்கம் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதற்கு, கூரையிலிருக்கும் புகை அலாரம் கத்தியது. பேட்டரியைக் கழற்றியவன் திரும்பப் போட மறந்துவிட்டேன். மறுநாள் அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டது. கை கொஞ்சம் சுட்டது, அவ்வளவுதான். வீட்டுக்காரர்தான் கத்தித் தீர்த்தார். போன மே முதல் இங்கே எல்லா வீட்டுக்கும் அலாரம் கட்டாயம்; கழற்றுவது குற்றம். தம்பி விரேந்திரா இருக்கும் பிரிஸ்பேனில் வருகிற ஜூலையில்தான் அந்தச் சட்டமாம். உங்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஓடிய அவனுக்கு எங்கே போனாலும் சலுகைதான்.

ட்ராசாவில் நம் வீட்டுக்கும் ஒன்று அனுப்புகிறேன் என்றதற்கு, "அது கத்துனா யார்டா வருவான், ஆர்மிக்காரனா?" என்று போனில் சிரித்தீர்கள். யாரும் வர வேண்டாம், நைனா. நீங்கள் வெளியே வந்தால் போதும்.

அதுதான் என் பயம். இரண்டாயிரத்தில் நம் தீவில் நடந்த கலவரத்துக்கு அஞ்சி எல்லா ஜன்னலுக்கும் கிரில் அடித்தவன் நான். போன டிசம்பரில் அங்கே மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், வாசல் கிரிலை உள்ளிருந்து பூட்டிச் சாவியை அரிசி டின்னில் ஒளிக்கச் சொன்னவனும் நானே. புகையில் அந்த டின்னை எப்படித் தேடுவீர்கள்?

அலாரத்தை, இன்று ஊருக்கு வரும் ஜான்கி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். விமானத்துக்கு நேரமாகிறதென்று ஹாரன் அடிக்கிறார். கண்ணை மூடியபடி கட்டிலிலிருந்து எழுந்துபோய், சாவியெடுத்து, கிரிலைத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனதென்று அன்றே போன் செய்யுங்கள். ஒரு நிமிடம் தாண்டினால் அந்தப் பூட்டைக் கரும்புத் தோட்டத்துக்குள் வீசிவிடுங்கள். வருகிறவன் வரட்டும்.

தர்மலிங்கம்