சரஸ்வதி மோட்டாரின் ஈய முத்திரை

பிப்ரவரி 4, புதன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. கணவாய்க் காத்து விடாம அடிக்குது. வரப்பெல்லாம் தூசி.

நான் அப்பவே சொன்னேன். தீபாவளிக்கு அக்கா மகள் சரஸ்வதி என்னையும் கூட்டிப் போய்ச் சித்தூர்க் கடையில மோட்டார் வாங்கி வந்தப்ப, வண்டியிலிருந்து இறக்கறதுக்கு முன்னாலேயே சொன்னேன்: மாசி பிறக்கறதுக்குள்ள இது மக்கர் பண்ணும், கம்பெனிக்காரன் கையை விரிப்பான், கதிர் வர்ற நேரமாப் பார்த்துத் தண்ணி நிக்கும். தேதி மாத்திரம்தான் சொல்லலை. நாலு பேர் கேட்டிருக்காங்க. அஞ்சு பேர்.

அதே மாதிரி ஆச்சு. போன வாரம் தண்ணி நூலாக் குறைஞ்சது. இன்னைக்கு அதுவும் இல்லை, மோட்டார் மட்டும் ஓடுது. ரெண்டு ஏக்கர் நெல், பால் பிடிக்கிற சமயம். இன்னும் பத்து நாள் இப்படியே போனா அத்தனையும் பதர். அவ புருஷன் பழனிச்சாமி மலை மேல பள்ளிவாசல் பவர் ஹவுஸ்ல வேலை. அவன் அங்க கரண்டு உண்டாக்கறான், இங்க பொண்டாட்டி வயல் காயுது.

கம்பெனியிலிருந்து பதில் கடுதாசி: 12ந் தேதி ஆள் வருவார், அதுவரை யாரும் தொட வேண்டாம்.

மூடி போல்ட்டு ரெண்டையும் கம்பியில கோத்து ஈயத்துல முத்திரை வெச்சிருக்கான். கேரண்டி கார்டைச் சரஸ்வதி படிச்சுச் சொன்னா. கம்பெனி ஆள் தவிர யார் முத்திரையை அறுத்தாலும் ஒரு வருஷ கேரண்டி செல்லாதாம். இங்கிலீஷ் தான், நானே படிச்சிருப்பேன், கண்ணாடி கொண்டு போகலை.

நம்ம காசுல வாங்கின சாமானுக்கு எவனோ பூட்டுப் போட்டு வெக்கறான்.

(இந்த டைரி 75ம் வருஷத்தது. உரக்கடையில சும்மா கொடுத்தான். கிழமையெல்லாம் நானே அடிச்சு மாத்திக்கிறேன்.)

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில். முடி வெட்டியாச்சு. பொடி வாங்கணும், மறந்துட்டேன்.

நேத்து ராத்திரி சரஸ்வதி சாப்பிடலையாம். "மாமா, நீங்க திறந்து பார்க்கறேன்னா பாருங்க. ஆனா கேரண்டி போயிருமுங்களே"ன்னா. நான் சொன்னேன், கண்ணு, நான் சித்தூர் போய்க் கடையில கேட்டுட்டு வந்துடறேன், மாமன் இருக்கறப்ப நீ எதுக்குக் கலங்கறே.

சாயங்காலம் வந்து விவரம் சொன்னேன். கடை குமாஸ்தா குட்டன், மலையாளி, எந்திரிச்சு நின்னு ஸ்டூல் போட்டான். டீ வரவழைச்சான். "நிங்களெப் போல விவரமுள்ள ஆளு திறக்கறதுக்கு முத்திரை ஒரு தடையா? திறந்தோளூ, கம்பெனிக்கு நான் சமாதானம் சொல்லிக்கறேன்"னான். காதுல பேனா, ரெண்டு பேச்சுக்கு ஒரு தரம் அதை எடுத்துக் காதையே குடைஞ்சுக்கறான்.

சரஸ்வதி முகத்துல இப்பத்தான் கொஞ்சம் தெளிவு. ரெண்டு தோசை கூடப் போட்டா.

பிப்ரவரி 7, சனி

திறந்தாச்சு. கட்டிங் பிளேயர்ல ஒரே வெட்டு. ஈயம் உருண்டு வாய்க்கால்ல போயிருச்சு.

உள்ளே பார்க்க எல்லாம் நல்லாத்தான் இருந்தது. கிரீஸ் மட்டும் கஞ்சத்தனம். நான் தாராளமா அப்பினேன். கம்பிச் சுருள் மேலயும் கொஞ்சம், குளுமைக்கு. மூடினப்புறம் ஒரு ஸ்குரூ மீதி. கம்பெனிக்காரன் உபரியாப் போட்டது.

பக்கத்து வயல் ராமசாமி வரப்புல குந்திக்கிட்டு, "ஏனுங், அது மோட்டாருங்களா, பணியாரச் சட்டியா? இத்தன எண்ணெ போகுது"ன்னான். 

சுவிட்சு போட்டது 4 மணி. உறுமல். அப்புறம் புகை. கருகின வாசம் ஊடு வரைக்கும்.

சரஸ்வதி வந்தா. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காத்து. கிழக்குப் பாத்தி நுனி வெளுக்குது. ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கினேன். பால் வரலை.

சரஸ்வதி குடத்துல மொண்டு ஊத்தறா. ரெண்டு ஏக்கருக்குக் குடம். நானும் இருபது குடம் சுமந்தேன். சரி, எட்டு.

பிப்ரவரி 12, வியாழன்

கம்பெனி ஆள் வர்ற நாள்.

நம்ம பக்கம் வெள்ளிக்கிழமைக்கு மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வெக்கிறது வழக்கம்தானே. ஒரு நாள் முன்னாடியே வெச்சேன். முத்திரை இருந்த இடத்துல ஒரு உள்ளங்கை கனத்துக்கு. பூவும் சுத்தினேன்.

வந்தவன் கோயமுத்தூர்ப் பையன், நல்ல மாதிரி. செருப்பைக் கழட்டினான். மோட்டாரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். முதல்ல கிணத்துக்குள்ள இருந்து குழாயை இழுத்து அடி வால்வைப் பார்த்தான். வாழைச் சருகு பந்தா அடைச்சுக் கிடந்தது. அதைக் கையாலேயே பிடுங்கிப் போட்டான். "இவ்வளவுதாங்க சீக்கு. மோட்டாருக்கு ஒண்ணும் இருந்திருக்காதே"ன்னான்.

அப்புறம் கைக்குட்டையை நனைச்சுச் சந்தனத்தை மெதுவாத் துடைச்சான். குழந்தை முகத்தைத் துடைக்கற மாதிரி.

"சாமி குத்தம் ஒண்ணுமில்லீங்க. முத்திரை எங்கீங்க?"

நான் காத்தைப் பத்திப் பேச்செடுத்தேன். சரஸ்வதி குறுக்கே வந்தா. "கடையில கேட்டுத்தானுங்க திறந்தோம். குமாஸ்தா சொன்னாருங்க. எங்க மாமா பொய் சொல்லமாட்டாருங்க."

"அப்படிக் கடையில எழுதிக் கொடுத்தா நான் சுருள் மாத்தித் தந்துடறேனுங்க. இல்லீன்னா கை வெக்க எனக்கு உத்தரவில்லை."

பிப்ரவரி 13, வெள்ளி

சித்தூர். சரஸ்வதியும் நானும். பஸ்ஸில் நின்னுக்கிட்டே. வழியெல்லாம் தண்ணி பாயற வயலாப் பார்த்து எண்ணிக்கிட்டு வந்தா.

கடையில முதலாளியும் குட்டனும். சரஸ்வதி நேரே போய்க் கேட்டா. குட்டன் முழிச்சான். "நான் அங்ஙனெ சொல்லவே இல்லா. தீபாவளிக்கு மோட்டார் வாங்க வந்ததுக்குப் பின்ன இவரைக் கண்டிட்டே இல்லா."

"பொய் சொல்லாதீங்க. உங்க வாய்ச் சொல்லை நம்பி என் பயிர் போச்சு. நீங்க நல்லா இருப்பீங்களா?" அவ குரல் அப்படி ஏறி நான் கேட்டதில்லை. தெருவில நாலு பேர் நின்னுட்டாங்க.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், இந்த ஸ்டூல்லதான் உக்கார வெச்சார், டீ வாங்கிக் கொடுத்தார், பேனாவால காதைக் குடைஞ்சுக்கிட்டே சொன்னார்.

அந்த நிமிஷம் குட்டன் கை காதுலதான் இருந்தது, பேனாவோட.

முதலாளி அதைப் பார்த்தார். கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டார். குட்டன்கிட்டே, "திங்களாழ்ச்சை முதல் வரண்டா"ன்னார், இனி வேலைக்கு வர வேண்டாமாம். பதினேழு வருஷ வேலையாம். கணக்குப் புஸ்தகத்தை மூடி, பேனாவை அது மேலயே வெச்சுட்டு எறங்கிப் போனான். குடையை மறந்துட்டான். முதலாளி கூப்பிட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

சுருள் மாத்தியாச்சு. மதியம் தண்ணி பாய்ஞ்சது. குழாய் நிறைய.

மேற்கு ஏக்கர் பிழைக்கும். கிழக்கு ஏக்கர் போச்சு, பூராவும் வெள்ளை. மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான். ராமசாமி இன்னைக்கு ஒண்ணும் கேலி பேசலை. அதுதான் என்னமோ போல இருந்தது.

பழனிச்சாமி கடுதாசி: பாதியாவது மிஞ்சினா அது மாமா சாமர்த்தியம், அவர் இல்லாட்டி கேரண்டியும் போயிருக்கும். சரஸ்வதி சத்தமாப் படிச்சா. இன்னொரு தரம் படிக்கட்டுங்களான்னா. வேண்டாம்னேன்.

பிப்ரவரி 18, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

காலையில குட்டன் வந்தான். கொழிஞ்சாம்பாறையில பஸ் எறங்கி விசாரிச்சுக்கிட்டு நடந்தே வந்திருக்கான். சண்டைக்குன்னு நினைச்சேன். சரஸ்வதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

வாசல்லயே நின்னான். "கவுண்டரே, தர்க்கத்துக்கு வரலை. ஒண்ணு மாத்திரம் அறியணும். நீங்க வந்தது எத்தனை மணிக்கு? எனக்கு ஒட்டும் ஓர்மை வரலை. அச்சனுக்குக் கடைசியில இப்படித்தான், காலையில சொன்னது மத்தியானம் மறந்துபோகும். எனக்கும் அது தொடங்கிட்டதோன்னு வீட்டுக்காரி அழறா. மணி தெரிஞ்சா அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு நினைச்சுப் பார்ப்பேன்."

தண்ணி கொடுத்தேன். குடிச்சான். காதுப் பக்கம் கை போச்சு, பேனா இல்லை, இறக்கிட்டான்.

பதினொன்றரை இருக்கும்னு சொன்னேன்.

"பதினொன்றரை"ன்னு ரெண்டு மூணு தரம் சொல்லிக்கிட்டே தெருவில நடந்து போனான்.

சரஸ்வதி கேட்டா, "என்னவாம் மாமா?" சும்மா வந்தான்னேன்.

6ந் தேதி நான் சித்தூர் போகலை. கொழிஞ்சாம்பாறையில பஸ் கூட்டம், திரும்பிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லலை, மறக்கவும் இல்லை.