ஏழாவது டிஸ்க்

நேற்று திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரியில், மலையிலிருந்து இறங்கிய பஸ் ஒன்று என்னருகே வந்து நின்றது. சக்கரத்திலிருந்து பிரேக் கருகும் நெடி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் இரண்டடி முன்னால் போய் முகர்ந்தேன். நீங்கள் காலமாகி இருபது நாள் ஆகிறது.

சித்தூரில், கல்லூரிப் பட்டறையில், இந்தச் சூட்டோடுதானே இருவரும் மல்லுக்கட்டினோம். உருகிய அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு பொடியைக் கலந்து, எடை குறைந்த, சீக்கிரம் ஆறக்கூடிய பிரேக் டிஸ்க் வார்ப்பது நம் ஆராய்ச்சி. அளவும் குறிப்பேடும் என் வேலை; உலை உங்களுடையது. "சார், பேனாவ மூடிக்கினு தள்ளி நில்லுங்க. மூஞ்சி வெந்துட்டா வூட்ல அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்பீர்கள்.

ஆறு டிஸ்க்குகள் நன்றாக வந்தன. ஏழாவதை வார்த்த அன்று காலையிலிருந்து மழை. பொடி ஈரம் வாங்கியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பில் உலர வேண்டும் என்றீர்கள். எனக்கோ ஐந்து மணிக்குத் திருப்பதி பஸ். அதைத் தவறவிட எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட ஆள் நான்.

"போதும், எடுத்துடுங்க," என்றேன்.

"ஈரம் உள்ள போச்சின்னா குமிழி குமிழியா நின்னுக்கும் சார். பஸ்ஸு இன்னொண்ணு வரும்."

"பரவாயில்ல, எடுத்துடுங்க."

எடுத்து, கலந்து, வார்த்தீர்கள். சோதனையில் சூடேறியதும் டிஸ்க் பிளந்தது. துறைத்தலைவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "எவரிதி தப்பு?" என்று தெலுங்கில் கேட்டார். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒழுங்காகச் சொல்லவேண்டுமே என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்; இத்தனை வருடமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். என் முனைவர் பட்டம் அந்த ஆராய்ச்சியை நம்பியிருந்தது உங்களுக்குத் தெரியும்.

"நான்தான் சார், அவசரப்பட்டு எடுத்துட்டேன்," என்றீர்கள்.

அறிக்கையில் 'உலை இயக்குபவரின் கவனக்குறைவு' என்று என் கையால் எழுதினேன். உங்களை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்தீர்கள், உலைப்பக்கம் விடவேயில்லை. ஒருமுறை ஸ்டோர் ஜன்னலில் நின்று, "அன்னிக்கு அந்தப் பொடி..." என்று தொடங்கினேன்.

"வுடுங்க சார். லேப்லதானே ஒடஞ்சிச்சி, ரோட்ல இல்லியே. வாங்க, வடை துன்னலாம்."

நிம்மதியாகத் தின்றேன்.

உங்கள் காரியத்துக்குப் புத்தூர் வந்திருந்தேன். உங்கள் மனைவி என்னை உறவினர்களுக்குக் காட்டி, "இவுருகூடத்தான் ஒலையில வேல பாத்தாரு. ஒரு நாளு அவசரப்பட்டு எதையோ கெடுத்துட்டாராம். சாவற வரிக்கும் என் தப்பு என் தப்புன்னு சொல்லிக்கினே இருந்தாரு. அப்படியா சார்?" என்றார்.

வீட்டில்கூட நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

உங்கள் வார்த்தையைப் பொய்யாக்கக் கூடாதென்று ஆட்டினேனா, அன்றுபோலவே பயந்தேனா? இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது உங்கள் மனைவி வாசல்வரை வந்து, "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தீங்களே, நல்ல மனசு சார் உங்களுக்கு," என்றார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கே இறக்கிவைப்பதென்று தெரியவில்லை.